சின்னம்மாவின் நெத்திலியும் நாங்கள் வெட்டிய வேலிகாத்தானும்

போன வருஷம் பங்குனியில் ஒரு காலை நைனாவுக்கு டீ எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். வழியில் மணலில் ஒரு ஆமைத்தடம். டிராக்டர் சக்கரம் ஏறிப் போனது மாதிரி இரண்டு வரிசைத் துடுப்புக் குறிகள், நடுவில் வயிறு தேய்ந்த கோடு. எங்கள் பக்கம் அதைப் பங்குனி ஆமை என்பார்கள். தையிலிருந்து பங்குனி வரைக்கும் முட்டையிடக் கரையேறும். தடம் ஒன்றும் எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்றைக்குக் கையில் ஃபிளாஸ்க்கோடு அதன் பக்கத்திலேயே நடக்கத் தோன்றியது.

ஈரக்கோட்டிலிருந்து நேராக மேலே வந்திருந்தது. மேட்டுக்கு வந்ததும் வேலிகாத்தான் புதர். அங்கே தடம் தெற்கே திரும்பியது. புதரை ஒட்டியே போயிருக்கிறது, இடைவெளி தேடுகிற மாதிரி. நாற்பது தப்படிக்கு அப்பால் ஒரு குழியைப் பறிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். குழிக்குள் விரல் தடிமனில் வேர்கள் பின்னிக் கிடந்தன. அங்கிருந்து தடம் திரும்பிக் கடலுக்கே போய்விட்டது. முட்டை இல்லை.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுக்கு வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது. கடற்கரை மேட்டின்மேல் வேலிகாத்தான் ஒரு மதில் மாதிரி வளர்ந்து நிற்கிறது. சீமைக்கருவேலம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும், அதேதான். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் மேட்டின் உச்சியில் மட்டும் இருந்தது. பிறகு கடல் பக்கச் சரிவில் இறங்கி, இப்போது அலை வந்து தொடுகிற இடத்துக்கு இருபது தப்படி வரைக்கும் வந்துவிட்டது. தாவரவியல் பட்டப்படிப்பில் மூன்று வருஷம் இந்தச் செடியைப் பற்றிப் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது ஒரு ஆமையைத் திருப்பி அனுப்பும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. படகு நிழலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த நைனாவிடம் ஓடினேன்.

"நைனா, ஆமை வந்துட்டு முட்டை வெக்காமலே போயிருக்குது."

"எடம் இல்ல, போச்சு. பஸ்ஸுல சீட்டு இல்லன்னா நீ எறங்கிடுறது இல்ல?"

"அப்ப நம்ம எடம் பண்ணித் தரலாமே."

"மொதல்ல டீய ஊத்து."

யோசனை அவ்வளவுதான். நூறு தப்படி நீளத்துக்கு அந்த வேலிகாத்தானை வேரோடு எடுத்துவிடுவது. அடுத்த தைக்குள்.

எனக்கு ஒன்று மனசில் விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு சோறு இறங்காது. வனத்துறை அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். முள்செடியை எடுக்கலாம், ஆமை முட்டையில் மட்டும் நீங்கள் கைவைக்கக் கூடாது, கண்டால் சொல்லி அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்கே போனாலும் கூடவே வைத்துக்கொண்டேன். படகுக்காரப் பையன்களைத் திரட்டச் சரியான ஆள் அண்ணன்தான். என் சின்னம்மாவின் மகன். சொந்தப் படகு, சத்தமான குரல், யாரைக் கூப்பிட்டாலும் வருவார்கள்.

"நூறு தப்படியா?" என்றான் அண்ணன். "ஆமைக்கு இம்மாம் பெரிய எடமா? அது இன்னா மண்டபமா புக் பண்ணப் போவுது?"

"வருவியா மாட்டியாண்ணே?"

"வரேன் பாப்பா, வரேன். ஆமை ஓட்டு போடும்னு சொன்னா கவுன்சிலரே வருவாரு."

ஊர்க்கூட்டத்தில் என் தாளைக் கையிலிருந்து கைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மார்கழி அமாவாசைக்குப் படகுக்கு ஒரு ஆள் வருவதென்று முடிவானது. எங்கள் ஊரில் அமாவாசையன்று யாரும் படகு இறக்குவதில்லை. ஆண்கள் சும்மா இருக்கிற ஒரே நாள் அதுதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர்தான் எழுந்தார். சின்னம்மா. மேட்டுக்குப் பின்னால், புதர் மறைவில் இருக்கிற மணல்வெளியில்தான் அவர் நெத்திலி காயப்போடுவது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் கடற்கரை மணல் எழும்பி வரும். புதர் அதைத் தடுத்துவிடும். ஊரில் மற்ற இடமெல்லாம் வீடாகிவிட்டது. அந்தத் துண்டு மணலை வைத்துத்தான் சின்னம்மா இரண்டு பிள்ளைகளைக் கரையேற்றினார்.

"நீ வெட்டு, வெட்டாத, எனுக்கு இன்னா? என் கருவாட்டுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது. அத்த சொல்லு மொதல்ல" என்றார்.

"ஒண்ணும் ஆவாது சின்னம்மா. கடல் பக்கத்துச் சரிவுல இருக்கறத மட்டுந்தான் எடுக்கறோம். மேட்டு மேல இருக்கறது அப்டியே நிக்கும்."

"நீ சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

எல்லோருக்கும் முன்னால்தான் சொன்னேன்.

மார்கழி அமாவாசைக்கு முந்தின நாள் மேட்டில் கயிறு கட்டி எல்லை காட்டினேன். அண்ணனை அழைத்துப்போய், "கயித்துக்குக் கீழ இருக்கிற முள்ளு பூரா" என்று கையை நீட்டினேன். மறுநாள் நானும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்றைக்குத்தான் பொன்னேரி கல்லூரியில் மதிப்பெண் பட்டியல் தருவதாகச் செய்தி வந்தது. காலையில் கடப்பாரை, மண்வெட்டியோடு இருபது பேர் கூடியதைப் பார்த்துச் சந்தோஷத்தோடு பஸ் ஏறினேன். கல்லூரியில் எழுத்தர் சாப்பிடப் போயிருந்தார். வந்ததும் வேறொரு ஜன்னலுக்கு அனுப்பினார். திரும்பிவர நாலு மணி ஆகிவிட்டது.

மேட்டில் ஏறினேன். எனக்கு முன்னால் கடல் மட்டுந்தான் இருந்தது.

முள் போயிருந்தது. நன்றாகவே போயிருந்தது, வேரோடு. ஆனால் முள் மட்டும் போகவில்லை. சரிவெல்லாம் படர்ந்திருந்த அடும்புக்கொடி, நடுவில் பிளந்த ஆட்டுக்குளம்பு இலையும் ஊதாப் பூவுமாக இருக்குமே, அதில் ஒரு கணு கூட மிச்சமில்லை. ராவணன் மீசைப் புல்லையும் கொத்திக் குவித்திருந்தார்கள். கயிற்றையும் தாண்டி, உச்சியில் நின்ற புதர்களிலும் பாதியை எடுத்திருந்தார்கள். மணலைக் கட்டையால் இழுத்துச் சமப்படுத்தியும் விட்டிருந்தார்கள். எங்கேயும் ஒரு குச்சி இல்லை. நூறு தப்படிக்கும் பாய் விரித்த மாதிரி.

அண்ணன் வேர்வையோடு வந்து பக்கத்தில் நின்றான். "எப்டி? வலை காயப்போடற எடம் கணக்கா பண்ணிட்டோம் பாரு. ஒரு கண்ணி மாட்டாது."

அவன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. எங்கள் ஆட்களுக்கு மணலைச் சுத்தம் செய்வதென்றால் அதுதான். வலை விரிக்கிற இடத்தில் கொடி இருந்தால் கண்ணியில் சிக்கும், பிரித்தெடுக்க அரைநாள் ஆகும். ராவணன் மீசை வலையின் நைலான் நரம்பையே குத்தி அறுத்துவிடும். சின்ன வயசிலிருந்து கடற்கரையில் இவை கண்ணில் பட்டால் பிடுங்கித்தான் பழக்கம். நான் முள்ளைக் காட்டினேன். கொடியை விடுங்கள் என்று சொல்லவேயில்லை. மணலைப் பிடித்து வைத்திருப்பது அடும்பு என்பது எனக்குப் பரீட்சையில் எழுதியெழுதி மனப்பாடம். அது யாருக்கும் சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

"அடும்ப ஏன்ணே புடுங்கினீங்க?"

"இன்னாத்துக்கு அது? காசா பணமா? ஷோக்கா இருக்குது பாரு."

இருபது பேர் விடுமுறை நாளை விட்டுவிட்டு உழைத்திருந்தார்கள். ஒருவர் உள்ளங்கையில் முள் ஏறி வீங்கியிருந்தது. எல்லோருக்கும் டீ போட்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன். நல்லா இருக்குது என்றும் சொன்னேன்.

எட்டு நாள் காற்று அடங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் வாடை எழும்பியது.

வாடை அடிக்கத் தொடங்கிய நாலாம் நாள் காலையில் எங்கள் வீட்டுத் தரையிலேயே காலுக்கு நறநறவென்று இருந்தது. பத்து மணிவாக்கில் சின்னம்மா வந்தார். கையில் முறம், அதில் முந்தின மூன்று நாளும் காய்ந்த நெத்திலி. வாசலில் உட்கார்ந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

"துன்னு."

"சின்னம்மா..."

"துன்னுடி. படிச்சவதானே."

வாயில் போட்டேன். கடித்தேன். பல்லுக்கு நடுவில் மணல் அரைபட்டது, காதுவரைக்கும் கேட்டது. சின்னம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்பவும் முடியவில்லை. விழுங்கிவிட்டேன்.

"எப்டி இருக்குது?"

"மண்ணு."

"பொன்னேரியில என்கிட்ட வாங்கறவங்க ஒரு அலசு அலசிட்டுக் கொழம்புல போடறவங்க. இத்தப் போட்டா மறுநாளு அந்தாண்ட ஒக்காந்திருக்கறவகிட்டப் போயிடுவாங்க. அப்பறம் நானு யாருக்கு விக்கிறது, உன் ஆமைக்கா?"

உள்ளேயிருந்து நைனா, "அவ புள்ளதான் புடுங்கினான், அத்தயும் கேளு" என்றார்.

"அவனுக்கு நேத்தே குடுத்தேன், ரெண்டு கையி. மணலு இல்லாத எடமே இல்ல, வாயில" என்றார் சின்னம்மா. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஒண்ணும் ஆவாதுன்னு ஊரு முன்னால சொன்ன. அடுத்த வருஷம் தைக்குள்ள எனுக்கு என் எடம் வேணும். ஆமை வருதோ வல்லியோ, அது உன் பாடு."

அந்தத் தையில் அவர் ஊர்க்கோடியில் இருக்கும் உறவுக்காரர் வீட்டு மொட்டைமாடியில் காயப்போட்டார். நாலாம் நாளே நாற்றத்துக்கு அந்த வீட்டுப் பெண் முகத்தைச் சுளித்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று முறை ஏற்பட்டது. முறையில்லாத நாளில் சின்னம்மா மீன் எடுக்கமாட்டார். நெத்திலிப் படகு வரும்போது மற்ற பெண்கள் கூடையோடு ஓட, அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன்.

முதலில் தென்னங்கீற்றால் தடுப்பு கட்டினேன். இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் ஒரு கீற்று ஏரிப்பக்கம் கிடந்தது, இன்னொன்றைக் காணவேயில்லை. பழைய வலையைக் கட்டலாமே என்று ஒருவர் சொன்னார். ஆமை சிக்கிக்கொள்ளும், வேண்டாம் என்றேன். பிறகு புத்தியைத் தீட்டி, கொடியை எடுத்த பாவத்துக்குக் கொடியையே திரும்ப வைப்பது என்று முடிவு செய்தேன்.

முகத்துவாரத்துக்குப் பக்கத்து மணலில் அடும்பு ஏராளம். இரண்டு கூடை நிறைய முழ நீளத் துண்டுகளாக வெட்டிவந்து, கல்லூரித் தோட்டத்தில் செய்கிற மாதிரி வரிசையாக, துண்டுக்கு ஒரு குழி என்று நட்டேன். தினமும் குடத்தில் தண்ணீர். பன்னிரண்டு நாளில் முக்கால்வாசி காய்ந்து சருகாகிவிட்டது. மீதியைக் காற்று தோண்டிப் போட்டிருந்தது. மணல் நண்டுகள் அந்தக் குழிகளில் ஆனந்தமாகக் குடியேறின.

அண்ணன் வந்து நின்று பார்த்தான். அவனுக்கும் வீட்டில் சோறு சரியாகக் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"இன்னா பாப்பா, பல்லு குத்தற குச்சியாட்டம் நட்டு வெச்சிருக்கற?"

"கணுவுல வேர் வுடும்ணே."

"வுடறதுக்கு முன்ன அது செத்துப்பூடுது. முழுக்கொடியா எடுத்துக்கினு வா. அறுக்காத."

மறுநாள் அவன் படகிலேயே போனோம். ஐந்து பாகம், ஆறு பாகம் நீளமுள்ள கொடிகள். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், கயிறு அளப்பது அதில்தான். ஒரு இடத்தில் பத்துக் கொடி இருந்தால் ஒன்றை எடுத்து ஒன்பதை விட வேண்டும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். இந்தத் தடவை எதையும் சொல்லாமல் விடுவதாக இல்லை. எடுத்த கொடியை வலை அடுக்குவதுபோல அவன் கூடையில் சுற்றி அடுக்கினான். மேட்டுக்கு வந்ததும் காற்றுக்குக் குறுக்கே முழங்கை ஆழத்தில் வாய்க்கால் கிழித்தான். நான் கூடையிலிருந்து விட்டுக்கொடுக்க, அவன் வலை இறக்குகிற மாதிரியே கையளவு கையளவாகக் கொடியை அதில் படுக்க வைத்து, இலை மட்டும் வெளியே தெரிய மணலை மூடிக்கொண்டே பின்னால் நடந்தான். ஒரு வரிசை. ஒரு பாகம் விட்டு இன்னொன்று.

"இத்த ஏன் உன் காலேஜில சொல்லித் தரல?" என்றான்.

"அங்க கடலு இல்லண்ணே."

மாசி பிறப்பதற்குள் ஏழு வரிசை. கூடவே வாரம் ஒரு நாள் வேலிகாத்தானையும் பார்க்க வேண்டியிருந்தது. வேரில் விரல் நீளம் மிச்சமிருந்தால் போதும், பச்சை மொட்டு விட்டுக்கொண்டு எழுந்துவிடும். ஆடு தின்று போட்ட புழுக்கையிலிருந்து வேறு முளைக்கும். இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடப்பாரையோடு அங்கேதான் இருக்கிறேன். பெருமைக்கு அதில் ஒன்றுமில்லை. பல் விளக்குவது மாதிரி ஒரு வேலை.

மாசியில் ஒரு ஆமை வந்தது. காலையில் தடத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கும் நைனாவுக்கும் ஃபோன் போட்டுவிட்டுத்தான் நடக்கவே தொடங்கினேன். தடம் நாங்கள் வெட்டிய நூறு தப்படிப் பக்கம் வரவில்லை. அதற்குத் தெற்கே முப்பது தப்படி தள்ளி ஏறியிருந்தது. அங்கே முள் இன்னும் உச்சியை விட்டு இறங்கவில்லை, அடும்புக்கு யாரும் கைவைத்ததில்லை. கொடியின் விளிம்பில், பூவுக்குப் பக்கத்தில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போயிருந்தது. வனத்துறைக்குச் சொன்னோம், ஆள் வந்து முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போனார்கள்.

நைனா இரண்டு இடத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "நீ பண்ணித் தந்த எடம் வோணாம்னுட்டாளே."

"ஆமா நைனா."

"வெட்டி ரெண்டு மாசந்தானே ஆச்சு. பாக்கலாம்."

எனக்கு வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்று முழுக்க அந்த இடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கொடி எங்கே முடிகிறது, வெறும் மணல் எவ்வளவு இருக்கிறது, புதர் எத்தனை தூரத்தில் நிற்கிறது என்றெல்லாம். நான் உண்டாக்க நினைத்த இடம் ஏற்கெனவே அங்கே ஒரு துண்டு இருந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தொடங்கியிருக்கலாம்.

இப்போது ஆடி. ஏழு வரிசையில் ஐந்து பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று கைகோத்துப் படர்ந்திருக்கின்றன. கொடி நின்ற இடங்களில் மணல் ஒரு சாண் ஏறியிருக்கிறது. ராவணன் மீசை தானாகவே இரண்டு மூன்று இடத்தில் தலைகாட்டுகிறது. சின்னம்மா போன மாதம் பழைய இடத்தில் நெத்திலி விரித்துப் பார்த்தார். மணல் வரவில்லை. நான் குதிக்கப் போனேன். அவர் கையமர்த்தினார்.

"இப்ப அடிக்கறது கச்சான், ஏரிப்பக்கத்துக் காத்து. இதுல இன்னா தெரியும்? வாடை வரட்டும், அப்பத் தெரியும் உன் கொடி கொடியா, கோலமான்னு."

அவர் சொன்னது சரி. பரீட்சை இனிமேல்தான். எனக்கோ கை துறுதுறுவென்கிறது. வடக்கே அடுத்த நூறு தப்படியையும் இந்த மார்கழியில் வெட்டிவிட வேண்டுமென்று போன ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். பிளாஸ்டிக் உறையையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பெரியவர்கள் வாயைத் திறப்பதற்குள் சின்னம்மா எழுந்துவிட்டார்.

"இந்த வருஷம் ஒரு முள்ளயும் தொடக் கூடாது" என்றார். "கொடி மொதல்ல, வெட்டு அப்பறம். வடக்கால நூறும் வோணாம், முப்பது. அந்த முப்பதுலயும் முள்ளு நிக்கும்போதே அதுக்கு முன்னால கொடிய வுடு. ஒரு மழ குடிக்கட்டும், ஒரு வாடைய பாக்கட்டும். மணலப் புடிச்சிக்கிச்சின்னா சொல்லு, நானே அருவா எடுத்துக்கினு வரேன். உச்சியில இருக்கறது மட்டும் எப்பவும் என்னுது."

"முள்ளுக்கு முன்னால வெச்சா நெழலு விழுமே சின்னம்மா, கொடிக்கு வெய்யில் வேணும்."

"சாயங்காலந்தானே விழுது? காலையில கடலப் பாத்துக்கினு இருக்கற எடம்டி அது."

மேடு கிழக்கைப் பார்த்தது, புதர் மேற்கில் நிற்கிறது. நிழல் மதியத்துக்குப் பிறகுதான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். அண்ணன் மட்டும், "அமாவாசைக்கு நாங்க வரணுமா?" என்று கேட்டான். "நீங்க வந்து கிழிச்சது போதும்" என்றார் சின்னம்மா. "பொம்பளைங்க பாத்துக்கறோம். நீ வாய்க்கா கிழிக்கறது எப்டின்னு காட்டிட்டுப் போயிடு."

ஒரு ஆமைக்கு முப்பது தப்படி போதுமா என்று எனக்குத் தெரியாது. முள்ளை நிற்க வைத்துவிட்டு அதன் காலடியில் கொடி பிடிக்குமா என்றும் தெரியாது. வேர்கள் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டால் கொடி வாடிவிடும், அந்தப் பயம் இருக்கிறது. அதனால் மூன்று வரிசையை மூன்று தூரத்தில் வைக்கப் போகிறோம். ஒன்று புதரின் ஓரத்தில், ஒன்று ஐந்து தப்படி தள்ளி, ஒன்று பத்துத் தப்படி தள்ளி. எது பிடிக்கிறதென்று ஐப்பசி மழை முடிந்ததும் தெரிந்துவிடும். எது பிழைக்கிறதோ அந்தத் தூரத்தை வைத்துக்கொண்டு அடுத்த முப்பது.

நாளைக்குக் கொடி எடுக்கப் போகிறோம். மீன் வேலை முடிந்ததும் எட்டுப் பெண்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கொடியை எடுப்பது, எதை விடுவது என்று முதலில் ஒவ்வொருவர் கையிலும் இலையைக் கொடுத்துக் காட்டப் போகிறேன். கூடை மட்டும் போதும், அரிவாளை யாரும் எடுத்துவரக் கூடாது என்று சின்னம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.